இன்டரப்ட் தவறிப்போனால்: மறுபார்வையா, காவல் டைமரா, போலிங்கா?

என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை) டிஸ்க் போட்ட சர்வர் ஒன்று நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே 30 வினாடி உறைகிறது. பிறகு எதுவும் நடக்காததுபோல் தொடர்கிறது. கெர்னல் பதிவைத் திறந்தால் "டைம்அவுட், கம்ப்ளீஷன் போல்ட்" என்று ஒரே வரி. டிஸ்க் தன் வேலையை எப்போதோ முடித்துவிட்டது. முடிந்தது என்று சிபியூவைக் கூப்பிட்டுச் சொல்லவேண்டிய சமிக்ஞையான இன்டரப்ட் மட்டும் வந்து சேரவில்லை. 30 வினாடிக் கெடு தீர்ந்ததும், சாதனத்தை இயக்கும் கெர்னல் நிரலான டிரைவர் தானே போய்ப் பார்த்து, முடிந்திருந்த வேலையை எடுத்துக்கொண்டது.

டிரைவர் எழுதுபவர்கள் பலர் இந்த இடத்தில் வந்து நிற்கிறார்கள். ஒரு டைமர் வைத்தால் போதுமா, இன்டரப்ட்டையே விட்டுவிட்டுப் போலிங்குக்கு (சாதனத்தைத் தானே திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது) போகலாமா, ஹேண்ட்லரை (இன்டரப்ட் வந்ததும் ஓடும் டிரைவர் பகுதி) திருத்தவேண்டுமா என்பது கேள்வி. "எக்ஸ்86-இல் ஒரு வருடம் ஓடியது, ஆர்ம் போர்டுக்கு மாற்றியதும் வாரம் ஒருமுறை தொங்குகிறது" என்ற வரியும் கூடவே வரும். கீழே உள்ளது லினக்ஸ் கெர்னலை மனதில் வைத்து எழுதியது. மற்ற இயங்குதளங்களிலும் பெயர்கள் மாறுமே தவிரக் கணக்கு பெரிதாக மாறாது.

## எங்கே தொலைந்தது?

இன்டரப்ட் சாதனத்தில் பிறந்து, அதைச் சிபியூவுக்குப் பிரித்தனுப்பும் கண்ட்ரோலரைத் தாண்டி, ஹேண்ட்லரை எட்டவேண்டும். இந்த மூன்று இடங்களில் எதிலும் அது தொலையலாம், ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. மெஷின் தொங்கி நிற்கும்போதே மூன்று விவரங்களை எடுத்துவிடுங்கள்: சாதனத்தின் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டர், கண்ட்ரோலரில் அந்த இன்டரப்ட் எண்ணுக்குரிய பெண்டிங் (வந்து காத்திருக்கிறது என்று சொல்லும்) பிட், /ப்ராக்/இன்டரப்ட்ஸ் கோப்பில் அந்த வரியின் எண்ணிக்கை.

ஸ்டேட்டஸில் பிட் ஏறியிருக்கிறது, பெண்டிங் இல்லை, எண்ணிக்கையும் நகரவில்லை என்றால் முதல் சந்தேகம் எட்ஜ்-லெவல் குழப்பத்தின்மேல் விழவேண்டும். எட்ஜ் வகையில் கம்பியின் நிலை மாறும் விளிம்புதான் இன்டரப்ட், லெவல் வகையில் கம்பி உயர்ந்து நிற்கும்வரை இன்டரப்ட். சாதனம் கம்பியை உயர்த்தியபடியே நிற்கிறது. கண்ட்ரோலரோ புதிய விளிம்புக்காகக் காத்திருக்கிறது. விளிம்பு இனி வராது.

பெண்டிங்கும் இருந்து எண்ணிக்கை மட்டும் ஏறவில்லை என்றால் கண்ட்ரோலரிலோ சிபியூவிலோ அது மூடப்பட்டிருக்கிறது. முந்தைய இன்டரப்ட்டுக்கு முடிவு அறிவிக்காமல் விட்டிருந்தாலும் இதே நிலைதான். எண்ணிக்கை ஏறியும் வேலை கிடப்பில் இருந்தால் கோளாறு உங்கள் டிரைவரில்தான், சிப்பைத் திட்டிப் பயனில்லை.

நான்காவது வகை கொஞ்சம் வேடிக்கையானது. ஸ்டேட்டஸ் காலி, ஆனால் முடிந்த வேலை வரிசையில் கிடக்கிறது. யாரோ அந்தப் பிட்டை அழித்திருக்கிறார்கள். 1 எழுதினால் அழியும் ரிஜிஸ்டரில் படித்த மதிப்பை எழுதாமல் எல்லா பிட்டுக்கும் 1 எழுதியிருந்தால், படித்ததற்கும் எழுதியதற்கும் இடையே வந்த நிகழ்வும் சேர்ந்து போயிருக்கும். படித்தாலே அழியும் ரிஜிஸ்டராக இருந்தால், பிழை தேடுவதற்காக நீங்கள் சேர்த்த, ரிஜிஸ்டர்களைப் படித்து அச்சிடும் டம்ப் கோடே குற்றவாளியாக இருக்கலாம்.

பதிவில் "நோபடி கேர்ட்" என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். 1,00,000 இன்டரப்ட்டில் 99,900-க்கு மேல் எந்த ஹேண்ட்லரும் "என்னுடையது" என்று சொல்லாவிட்டால் கெர்னல் அந்த வரியையே மூடிவிடும். அதன்பிறகு "தவறிப்போகும்" இன்டரப்ட்டுகள் உண்மையில் தவறியவை அல்ல, நிறுத்தப்பட்டவை.

## எதை வைத்து அளப்பது

ஐந்து விஷயங்களைப் பார்க்கவேண்டும். தவறிய இன்டரப்ட்டிலிருந்து மீள எவ்வளவு நேரம் ஆகிறது? ஒன்றுமே தவறாத நாளில் அது எவ்வளவு சிபியூவும் மின்சாரமும் தின்கிறது? மெமரி வரிசை தளர்வாக உள்ள (எழுத்தும் வாசிப்பும் நிரலில் உள்ள வரிசை மாறி நடக்கக்கூடிய) சிப்பிலும் அது சரியாக நிற்குமா? பூட்டுகளையும் இணையோட்டத்தையும் எவ்வளவு சிக்கலாக்குகிறது? மூலப் பிழையைக் காட்டிக்கொடுக்கிறதா, மூடிமறைக்கிறதா?

கடைசிக் கேள்விக்கு நான் மற்ற நான்கையும்விட அதிக எடை தருவேன். மறைக்கப்பட்ட பிழை அடுத்த சிப்பில் வேறு உருவத்தில் வந்து நிற்கும்.

## வழி 1: ஹேண்ட்லரிலேயே மறுபார்வை

தவறும் இன்டரப்ட்டுகளில் பெரும்பகுதி ஒரு சிறிய இடைவெளியில் விழுகிறது. டிரைவர் "வேலை இல்லை" என்று முடிவு செய்த கணத்துக்கும் இன்டரப்ட்டை மறுபடி திறந்த கணத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி அது. அதை அடைக்கும் வரிசை இதுதான்:

1. ஸ்டேட்டஸைப் படி.
2. படித்த பிட்களை மட்டும் அழி. வேலையைத் தொடுமுன் அழிக்கவேண்டும், முடித்தபின் அல்ல.
3. வரிசையில் உள்ள வேலையைக் காலியாகும்வரை எடு.
4. இன்டரப்ட்டைத் திற.
5. வரிசையை மறுபடி ஒருமுறை பார். ஏதாவது இருந்தால் மூடிவிட்டு 3-க்குத் திரும்பு.

இரண்டாம் படியில் வரிசையைத் தலைகீழாக்குவதுதான் அடிக்கடி காணும் தவறு. வேலையை முடித்துவிட்டுப் பிட்டை அழித்தால், கடைசி வேலையை எடுத்தபிறகு வந்த நிகழ்வின் பிட்டும் சேர்ந்து அழியும். லெவல் இன்டரப்ட்டிலும் இந்தத் தவறு கொல்லும், எட்ஜிலும் எம்எஸ்ஐயிலும் (கம்பிக்குப் பதில் மெமரி எழுத்தாக வரும் இன்டரப்ட்) இன்னும் சீக்கிரம் கொல்லும். ஒரு இன்டரப்ட்டுக்கு ஒரு வேலை என்று எண்ணி எடுப்பதும் இதே வகைத் தவறுதான். இன்டரப்ட் "வந்து பார்" என்று மட்டுமே சொல்கிறது, எத்தனை என்று சொல்வதில்லை.

நான்காம் படிக்கும் ஐந்தாம் படிக்கும் நடுவே ஒரு மெமரி தடை, அதாவது எழுத்து-வாசிப்பு வரிசை மாறாமல் காக்கும் கட்டளை, வேண்டும். அதில்தான் சிப்புகளின் கட்டமைப்பு வேறுபாடு கடிக்கிறது. மெய்நிகர் கணினிகளுக்கான வர்ட்டியோ சாதனங்களில் "இனி எனக்கு இன்டரப்ட் அனுப்பு" என்பது மெமரியில் எழுதும் ஒரு குறி. எழுதிவிட்டு உடனே வரிசையைப் படிக்கிறோம். எழுத்துக்குப் பின்னால் உள்ள வாசிப்பு முந்திக்கொண்டால், பழைய காலி வரிசையைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போய்விடுவோம். சாதனத்தின் பக்கமும் நம் குறியைக் காணாமல் இன்டரப்ட் அனுப்பாது. இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருப்பார்கள்.

எக்ஸ்86 கடுமையான வரிசை கொண்டது, அங்கே தடை வேண்டாம் என்று நம்புகிறவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள். எழுத்தை வாசிப்பு முந்துவது எக்ஸ்86-உம் அனுமதிக்கும் ஒரே மறுவரிசை. இங்கே நாம் காக்கவேண்டியதும் அதே எழுத்து-வாசிப்பு வரிசைதான். ஆகவே எல்லாச் சிப்பிலும் முழுத் தடை வேண்டும்: எக்ஸ்86-இல் எம்ஃபென்ஸ் அல்லது லாக் முன்னொட்டுள்ள கட்டளை, ஆர்ம்64-இல் முழு டிஎம்பி, ரிஸ்க்-ஃபைவில் எழுத்து-வாசிப்பு ஃபென்ஸ், பவர்பிசியில் சிங்க். பவர்பிசியில் விலை குறைவு என்று எல்டபிள்யூ-சிங்க் போட்டால் போதாது. எழுத்து-வாசிப்பு வரிசையை மட்டும் அது காப்பதில்லை. கெர்னலின் எஸ்எம்பி_எம்பி, வர்ட்டியோவுக்கு வர்ட்_எம்பி இவற்றைப் பயன்படுத்தினால் இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

இன்டரப்ட்டைத் திறக்கும் ரிஜிஸ்டர் பிசிஐஇ பஸ்ஸுக்கு அப்பால் இருந்தால் இன்னொன்று. கெர்னலின் ரைட்எல் கொண்டு எழுதியது சாதனத்தை எப்போது அடையும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மூடியிருக்கும்போது வந்த நிகழ்வைச் சாதனம் நினைவில் வைத்துத் திறந்ததும் அனுப்புமானால் கவலை இல்லை. விட்டுவிடும் சாதனமாக இருந்தால் எழுதிய ரிஜிஸ்டரை ஒருமுறை திரும்பப் படித்து, எழுத்து போய்ச் சேர்ந்ததை உறுதி செய்தபின்னரே வரிசையைப் பார்க்கவேண்டும். அந்த வாசிப்புக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோவினாடி ஆகலாம். அவ்வளவுதான் இந்த வழியின் மறைசெலவு.

நெட்வொர்க் டிரைவரில் இதையெல்லாம் நேப்பி என்ற கெர்னல் அமைப்பு பெரும்பாலும் செய்து தருகிறது. நேப்பி_கம்ப்ளீட்_டன் பொய் என்று திருப்பினால் இன்டரப்ட்டைத் திறக்கக்கூடாது, போலிங் இன்னும் முடியவில்லை என்று பொருள். இந்தத் திரும்பு மதிப்பைக் கண்டுகொள்ளாத டிரைவர்கள் இன்னமும் இருக்கின்றன.

பொருந்தும் இடம்: ஏறக்குறைய எல்லா டிரைவரும். பொருந்தாத இடம்: கண்ட்ரோலரோ போர்டோ இன்டரப்ட்டை விழுங்கிவிடும் இடம். ஹேண்ட்லரே ஓடவில்லை என்றால் அதற்குள் எழுதிய மறுபார்வையால் என்ன பயன்?

## வழி 2: காவல் டைமர்

அனுப்பிய கோரிக்கைக்குக் கெடு வைத்து, கெடு தீர்ந்ததும் சாதனத்தைப் போய்ப் பார்ப்பது. கெர்னலுக்குள் இதற்கு உதாரணம் நிறைய. என்விஎம்இ-க்கு இயல்பான கெடு 30 வினாடி. எஸ்டி கார்டுக்கான எஸ்டிஎச்சிஐ டிரைவர் கட்டளைக்கு 10 வினாடி காத்துவிட்டு "ஹார்டுவேர் இன்டரப்ட்டுக்காகக் காத்திருந்து நேரம் போனது" என்ற பொருளில் எழுதும். நெட்வொர்க் அடுக்கின் அனுப்பு-காவலுக்கு டிரைவர் வேறு சொல்லாவிட்டால் 5 வினாடி. பழைய 8250 சீரியல் டிரைவர் இன்னும் நேரடியானது: அனுப்பு-காலி இன்டரப்ட்டை ஒழுங்காகத் தராத யூஏஆர்டி (சீரியல் போர்ட்) சிப்பைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்து, அவற்றுக்கு மட்டும் 200 மில்லிவினாடிக்குச் சற்று மேல் இடைவெளியில் ஓடும் மாற்று டைமரைப் போட்டுவிடுகிறது.

டைமர் எளிதாகத் தெரியும், எழுதும்போதுதான் இடறும். டைமரும் ஹேண்ட்லரும் ஒரே வரிசையை ஒரே நேரத்தில் காலி செய்யக்கூடாது. என்விஎம்இ டிரைவர் செய்வது நல்ல முறை: அந்த இன்டரப்ட்டை டிஸேபிள்_ஐஆர்க்யூ கொண்டு மூடு, வரிசையை எடு, திற. ஆனால் டிஸேபிள்_ஐஆர்க்யூ ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியக் காத்திருக்கும், தூங்கவும் செய்யலாம். எனவே டைமர் கால்பேக்கில் நேரடியாக அழைக்காமல், தூங்க அனுமதியுள்ள வொர்க்க்யூவுக்குத் தள்ளவேண்டும். ஹேண்ட்லர் எடுக்கும் ஸ்பின்லாக் பூட்டைப் பிடித்தபடி அழைத்தால் டெட்லாக்தான், இரண்டும் ஒன்றுக்காக ஒன்று காத்தே நிற்கும்.

மூடியிருக்கும் நேரத்தில் இன்னொரு இன்டரப்ட் வந்தால் என்ன ஆகும் என்று பலர் அஞ்சுகிறார்கள். கெர்னல் இங்கே சோம்பலாக மூடுகிறது. ஹார்டுவேரில் உடனே மாஸ்க் செய்யாது (தடுக்காது), இன்டரப்ட் வந்தால் குறித்துவைத்துக்கொண்டு அப்போது மாஸ்க் செய்யும், திறந்ததும் மறுபடி ஓட்டும். எட்ஜ் இன்டரப்ட்டுகளை இது காப்பாற்றுகிறது. இந்தச் சோம்பலை அணைக்கும் கொடியை யாரோ சொன்னார்கள் என்று போட்டுவிடாதீர்கள்.

மறைசெலவுகளில் மோசமானது "நோபடி கேர்ட்" பொறி. வேலையை டைமர் எடுத்துவிட்டது, பின்னால் இன்டரப்ட் வந்தது, ஹேண்ட்லர் பார்த்தால் வரிசை காலி, "என்னுடையது இல்லை" என்று திருப்புகிறது. டைமர் அடிக்கடி முந்தினால் இந்த எண்ணிக்கை ஏறி, கெர்னல் வரியையே மூடிவிடும். தவறிய இன்டரப்ட்டுக்கு வைத்த மருந்தே இன்டரப்ட்டை நிரந்தரமாக நிறுத்தியதாக முடியும். தப்ப வழி: "என்னுடையதா" என்பதை வரிசையில் வேலை இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஸ்டேட்டஸ் பிட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கெடுவையும் வழக்கமான நேரத்தைவிடப் பல மடங்கு தள்ளி வையுங்கள்.

கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது மட்டும் டைமரை ஓட்டுங்கள். சும்மா இருக்கும் கருவியில் வினாடிக்குப் பத்துமுறை விழிக்கும் டைமர் பேட்டரியைத் தின்னும். இன்னொன்று கட்டாயம்: டைமர் ஒரு வேலையைக் காப்பாற்றினால் அதை எண்ணி, அளவோடு பதிவிலும் எழுதவேண்டும். என்விஎம்இ-யின் அந்த ஒற்றை வரியால்தான் இன்டரப்ட் தொலைந்ததா, டிஸ்க்கே பதில் தரவில்லையா என்று பிரித்தறிய முடிகிறது. பின்னதானால் "போல்ட்" வராது, "அபார்ட்டிங்" வரும். மௌனமாகக் காப்பாற்றும் டைமர் சோதனைக்கூடத்தில் எல்லாவற்றையும் பச்சையாகக் காட்டிவிட்டு வாடிக்கையாளரிடம் போய் உறையும்.

## வழி 3: முழுப் போலிங்

இன்டரப்ட்டே இல்லை என்றால் தவறவும் வழியில்லை. வேகமான முனையிலும் மெதுவான முனையிலும் இது நியாயமான தேர்வு, நடுவில்தான் நட்டம்.

வேகமான முனையில் டிபிடிகே போன்ற நெட்வொர்க் நிரல் தொகுப்புகள் ஒரு சிபியூ கோரை முழுவதும் நெட்வொர்க் கார்டுக்கே எழுதிக்கொடுத்துவிடும். பாக்கெட் வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் கோர் 100 சதவீதம். என்விஎம்இ-யிலும் போல் க்யூக்களைத் தனியாக ஒதுக்கி கெர்னலின் ஐஓ_யூரிங் இடைமுகம் வழியாகப் போலிங் செய்யலாம்.

மெதுவான முனையில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 கிலோஹெர்ட்ஸ் ஐ2சி (இரு கம்பித் தொடர்) பஸ்ஸில் ஒரு பைட் ரிஜிஸ்டரைப் படிக்க நான்கு பைட்டும் அவற்றின் ஒப்புதல் பிட்டுகளும் சேர்ந்து 36 பிட், தொடக்க-முடிவுக் குறிகளோடு சுமார் 38. அதாவது 95 மைக்ரோவினாடி. வினாடிக்கு 100 முறை படித்தால் பஸ்ஸின் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அறை வெப்பநிலை பார்க்கும் சென்சாருக்கு இதற்குமேல் எதற்கு இன்டரப்ட்? மெமரியில் இணைந்த சாதனத்தை மில்லிவினாடிக்கு ஒருமுறை பார்த்தால், வாசிப்புக்கு ஒரு மைக்ரோவினாடி என்று வைத்தாலும் சிபியூவில் 0.1 சதவீதம்தான். ஆனால் சராசரித் தாமதம் அரை மில்லிவினாடி ஆகிவிடும், சிபியூ ஆழ்ந்த தூக்கத்துக்கும் போகாது.

ஐ2சி ஜிபிஐஓ விரிவாக்கியின் (கூடுதல் உள்ளீட்டு, வெளியீட்டுக் கம்பிகள் தரும் சிப்) பின்னால் உள்ள சென்சார்களுக்குப் போலிங்கே மேல் என்று சொல்லத் தோன்றும் இடம் ஒன்று உண்டு. பிசிஏ9555 வகைச் சிப்பில் உள்ளீடு மாறினால் இன்டரப்ட் கம்பி இறங்கும், உள்ளீடு பழைய நிலைக்குத் திரும்பினால் தானே ஏறிவிடும். சென்சார் சிறு துடிப்பாகச் சமிக்ஞை தந்தால், நீங்கள் ஐ2சி வழியாகப் போய்ப் படிப்பதற்குள் சுவடே இருக்காது. சென்சாரில் லாட்ச் முறை (சமிக்ஞையைப் படிக்கும்வரை பிடித்துவைப்பது) இருந்தால் அதை இயக்குங்கள், அல்லது கம்பியை நேரே முதன்மைச் சிப்பான எஸ்ஓசி-க்குக் கொண்டுவாருங்கள். இரண்டும் முடியாவிட்டால் போலிங்.

கட்டளை கொடுத்துவிட்டு ஒரு பிட்டுக்காகச் சிலநூறு மைக்ரோவினாடி காத்திருக்கும் இடங்களில் ரீட்எல்_போல்_டைம்அவுட் போதும். கெடு தீர்ந்தபின் இன்னொருமுறை பார்த்துவிட்டே தோல்வி சொல்லும் நுணுக்கம் அதில் இருக்கிறது. சொந்தமாக லூப் எழுதுகிறவர்கள் மறப்பது அதைத்தான். இடையில் சிபியூ வேறு வேலைக்குப் போய்த் தாமதமாகத் திரும்பினால், முடிந்த வேலைக்கும் தோல்வி சொல்லிவிடுவார்கள். இது தூங்கும் வடிவம் என்பதால் ஸ்பின்லாக்குக்குள் அழைக்கக்கூடாது, அதற்கு அட்டாமிக் வடிவம் தனியாக உண்டு.

## வழி 4: தொடக்கத்திலேயே சோதித்து இறங்கிவருவது

சில போர்டுகளில் இன்டரப்ட் எப்போதாவது தவறுவதில்லை, ஒருபோதும் வருவதே இல்லை. ஃபர்ம்வேர் தவறான எண்ணைச் சொல்லியிருக்கும், அல்லது கம்பியே இழுக்கப்பட்டிருக்காது. இதற்குச் சரியான மருந்து தொடக்கச் சோதனை. டிபிஎம் (பாதுகாப்புச் சிப்) டிரைவர் தொடங்கும்போது ஒரு கட்டளை அனுப்பி இன்டரப்ட் வருகிறதா என்று பார்க்கும், வராவிட்டால் ஃபர்ம்வேர் பிழை என்று பதிவிட்டுப் போலிங்குக்கு மாறும். டிஜி3 நெட்வொர்க் டிரைவர் எம்எஸ்ஐயைச் சோதித்து, வராவிட்டால் பழைய கம்பி வகையான ஐஎன்டிஎக்ஸுக்கு இறங்கும். இன்டெல்லின் இ1000 குடும்பத்தில் மென்பொருளே இன்டரப்ட்டைக் கிளப்ப ஐசிஎஸ் என்ற ரிஜிஸ்டர் இருக்கிறது. இப்படி ஒன்று உங்கள் சாதனத்தில் இருந்தால் சோதனை பத்து வரி வேலை.

இது பாதை இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும், பாதையில் எப்போதாவது விழும் ஓட்டையைக் காட்டாது. சஸ்பெண்ட் ஆகி எழுந்தபின் பாதை மாறியிருக்கலாம், எனவே ரெஸ்யூமிலும் சோதிக்கவேண்டும்.

## வழி 5: கெர்னல் பூட் விருப்பங்கள்

ஐஆர்க்யூபோல், ஐஆர்க்யூஃபிக்ஸ்அப், பிசிஐ=நோஎம்எஸ்ஐ ஆகிய மூன்றும் நோயறியப் பயன்படும், நிலையான தீர்வு அல்ல. முதல் இரண்டும் யாரும் ஏற்காத இன்டரப்ட்டுக்கு மற்ற ஹேண்ட்லர்களையும் ஓட்டிப்பார்க்கும், மூன்றாவது எம்எஸ்ஐயை அணைக்கும். அதிலும் ஐஆர்க்யூபோல் பற்றி ஒன்று பரவலாகத் தெரிவதில்லை: பகிர்வுக் கொடியோடு பதிவான ஹேண்ட்லர்களை மட்டுமே அது ஓட்டிப்பார்க்கும். எம்எஸ்ஐ டிரைவர்கள் பொதுவாக அந்தக் கொடி இல்லாமல் பதிகின்றன. ஐஆர்க்யூபோல் போட்டும் பயனில்லை என்பதால் "ஹார்டுவேர் கோளாறு" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நோஎம்எஸ்ஐ போட்டதும் தொங்குவது நின்றால், டிரைவர் எட்ஜ் நடத்தைக்குத் தயாராக எழுதப்படவில்லை என்பதற்கு அது நல்ல தடயம். லெவல் கம்பி அந்தத் தவறை மன்னித்துக்கொண்டிருந்தது, அவ்வளவே.

| வழி | மீளும் நேரம் | வழக்கமான நாளின் செலவு | தளர்வான மெமரி வரிசையில் | மூலப் பிழையை |
|---|---|---|---|---|
| மறுபார்வை | உடனே | ஒரு தடை, சில இடங்களில் ஒரு வாசிப்பு | தடை சரியாக இருந்தால் நிற்கும் | நீக்கும் |
| காவல் டைமர் | 200 மில்லிவினாடி முதல் 30 வினாடி | மிகக் குறைவு | நிற்கும் | எண்ணாவிட்டால் மறைக்கும் |
| முழுப் போலிங் | போலிங் இடைவெளி | 0.1% முதல் ஒரு முழுக் கோர் | வரிசைப் பதிவை வாசிக்கத் தடை வேண்டும் | பொருந்தாது |
| தொடக்கச் சோதனை | தொடக்கத்தில் மட்டும் | தொடங்கும்போது சிறு தாமதம் | பொருந்தாது | பாதைப் பிழையைக் காட்டும் |
| பூட் விருப்பம் | மாறும் | மொத்த மெஷினுக்கும் சுமை | பொருந்தாது | மறைக்கும் |

## அதே டிரைவர், வேறு சிப்

எக்ஸ்86-இல் லோக்கல் ஏபிக் (ஒவ்வொரு சிபியூவிலும் உள்ள கண்ட்ரோலர்) ஒரு வெக்டருக்கு (இன்டரப்ட் எண்) அதிகபட்சம் இரண்டை வைத்திருக்கும்: ஓடிக்கொண்டிருப்பது ஒன்று, காத்திருப்பது ஒன்று. மூன்றாவது, காத்திருப்பதோடு ஒன்றாகிவிடும். சாதனக் கம்பிகள் வந்து சேரும் கண்ட்ரோலரான ஐஓ-ஏபிக்கில் ஒரு எட்ஜ் உள்ளீட்டை மாஸ்க் செய்திருக்கும்போது வந்த விளிம்பு எங்கும் பதிவாகாது, போயே போய்விடும். கெர்னல் சோம்பலாக மூடுவதற்கு ஒரு காரணம் இது.

எம்எஸ்ஐயின் விரிவான வடிவமான எம்எஸ்ஐ-எக்ஸில் மாஸ்க்கும் பெண்டிங் பிட்டும் எப்போதும் உண்டு, வெறும் எம்எஸ்ஐயில் மாஸ்க் விருப்பத்துக்குரியது. மாஸ்க் இல்லாத எம்எஸ்ஐயை ஒரு சிபியூவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது முகவரியும் தரவும் தனித்தனியாக எழுதப்படுகின்றன. நடுவில் சாதனம் செய்தி அனுப்பினால் அது பாதி பழைய, பாதி புதிய விலாசத்துக்குப் போகும். கெர்னல் இந்த ஓட்டையை 2020-இல்தான் அடைத்தது. அதற்கு முந்தைய கெர்னலில் நிற்கும் தயாரிப்பாக இருந்தால், உங்கள் டிரைவரைக் குற்றம் சொல்லுமுன் இதைப் பாருங்கள்.

ஆர்மின் கண்ட்ரோலரான ஜிஐசியில் முதல் கண்ணி டிவைஸ் ட்ரீ, அதாவது போர்டில் உள்ள சாதனங்களைக் கெர்னலுக்கு விவரிக்கும் கோப்பு. "0 45 4" என்ற மூன்று எண்ணில் கடைசி எண் தூண்டும் வகை: 1 என்றால் ஏறு விளிம்பு, 4 என்றால் உயர் லெவல். முதல் எண்ணான 0 குறிக்கும் எஸ்பிஐ (பகிர்ந்த சாதன இன்டரப்ட்) வகைக்கு இந்த இரண்டுதான் உண்டு, இறங்கு வகைகள் இல்லை. நடுவில் உள்ள 45, ஜிஐசி-க்குள் 77 ஆகிவிடும், 32 கூட்டவேண்டும். பெண்டிங் பிட்டைத் தவறான இடத்தில் தேடி "ஜிஐசி-க்கு வரவே இல்லை" என்று முடிவு செய்கிறவர்கள் பலர். லெவல் சாதனத்துக்கு வேறொரு போர்டிலிருந்து நகலெடுத்த 1 இருந்தால், எல்லாம் வாரக்கணக்கில் ஓடும். ஹேண்ட்லர் வெளியேறும் கணத்தில் இரண்டாவது நிகழ்வு வந்த அன்று நிற்கும்.

ஜிஐசிவி3-இல் எம்எஸ்ஐகள் எல்பிஐ என்ற தனி வகை ஆகின்றன, எண் 8192-இலிருந்து தொடங்கும். இவை எப்போதும் எட்ஜ். இவற்றுக்கு "ஓடிக்கொண்டிருக்கிறது" என்ற நிலையே ஜிஐசி-க்குள் கிடையாது. அதனால் ஒரு நுட்பமான ஓட்டை இருந்தது. சிபியூ 0-இல் ஹேண்ட்லர் ஓடும்போது அஃபினிட்டியை (எந்தச் சிபியூவுக்குப் போகவேண்டும் என்பதை) சிபியூ 1-க்கு மாற்றுகிறோம், அடுத்த இன்டரப்ட் சிபியூ 1-க்கு வருகிறது. கெர்னலின் பொதுக் கோடு "ஏற்கெனவே ஓடுகிறது" என்று பார்த்து அதைக் கைவிட்டது. இன்டரப்ட் ஒழுங்காக வந்து, கெர்னலே அதைத் தொலைத்தது. 2023-இல் இப்படி வருவதைக் குறித்துவைத்து மறுபடி அனுப்பும் கொடி எல்பிஐகளுக்குச் சேர்க்கப்பட்டது. ஆர்ம் சர்வரில், இன்டரப்ட்டுகளைச் சிபியூக்களிடையே மாற்றிப் பகிரும் ஐஆர்க்யூபேலன்ஸ் ஓடும்போது மட்டும் தொங்குகிறது என்றால் முதல் சந்தேகம் இதுவாக இருக்கட்டும்.

ரிஸ்க்-ஃபைவின் கண்ட்ரோலரான பிளிக்கில் சடங்கு வேறு: கிளெய்ம் செய்து எடுக்கவேண்டும், முடிந்ததும் கம்ப்ளீட் எழுதவேண்டும். அதுவரை அந்த மூலத்திலிருந்து அடுத்தது வராது. கம்ப்ளீட் எழுதும் நேரத்தில் அந்த இன்டரப்ட் அந்தச் சிபியூவுக்கு மூடப்பட்டிருந்தால், பிளிக் சத்தமில்லாமல் அதைப் புறக்கணிக்கும். விளைவு, அந்த இன்டரப்ட் மறுதொடக்கம்வரை செத்துப்போகும். ஹேண்ட்லருக்குள்ளேயே தன்னை மூடிக்கொள்ளும் டிரைவர்கள் இதில்தான் விழுந்தன. இப்போது கெர்னல் ஒருகணம் திறந்து, கம்ப்ளீட் எழுதி, மறுபடி மூடுகிறது. சில பிளிக் வகைகள் கம்ப்ளீட் வரும்வரை அடுத்த எட்ஜைக் கவனிப்பதே இல்லை, அவற்றுக்கு ஹேண்ட்லருக்கு முன்பே கம்ப்ளீட் எழுதும் தனிப்பாதை இருக்கிறது. டிவைஸ் ட்ரீயில் சிப்பை அடையாளம் காட்டும் கம்பாட்டிபிள் பெயரைப் பொதுப்பெயராக எழுதிவிட்டால் அந்தப் பாதை இயங்காது.

பவர்பிசி 64-பிட் கெர்னல் லோக்கல் இன்டரப்ட்டை முதலில் ஒரு மென்பொருள் கொடியால் மட்டும் மூடி, வந்ததைக் குறித்துவைத்துப் பின்னால் ஓட்டுகிறது. டிரைவர்காரருக்கு இதில் செய்ய எதுவும் இல்லை.

## எதற்கு எது

புதிய டிரைவர் எழுதுகிறீர்கள், எந்தச் சிப்பில் ஓடும் என்று தெரியாது என்றால்: மறுபார்வை கட்டாயம், அதன்மேல் தாராளக் கெடுவும் காப்பாற்றியதை எண்ணும் கவுண்டரும் வைத்த டைமர். ஃபர்ம்வேரை நம்பமுடியாத மலிவு போர்டுகளுக்குப் போகும் சாதனம் என்றால் தொடக்கச் சோதனையும் சேரட்டும். வினாடிக்குச் சில முறை மட்டும் பேசும் சென்சாருக்குப் போலிங், வெட்கப்பட வேண்டியதில்லை. பேட்டரிக் கருவியில் அதே சென்சார் என்றால் கதை மாறும், அங்கே இன்டரப்ட்டுக்காகக் கம்பியை ஒழுங்காக இழுப்பது மலிவு.

நாளைக் காலை வாடிக்கையாளரிடம் போகவேண்டும், மூலம் தெரியவில்லை என்ற நிலையில் டைமரைப் போடுங்கள், தவறில்லை. காப்பாற்றிய எண்ணிக்கையை மட்டும் வெளியே தெரியும்படி வையுங்கள், அது பூஜ்யமாகும்வரை அந்தப் பிழையை மூடாதீர்கள்.

## திருத்தியது நிற்கிறதா என்று பார்க்க

டைமரை முதலில் அணைத்துவிடுங்கள். சாதனத்துக்கு முழுச் சுமை கொடுத்துக்கொண்டே, /ப்ராக்/ஐஆர்க்யூ கோப்புறையில் அதன் எஸ்எம்பி_அஃபினிட்டியை 10 மில்லிவினாடிக்கு ஒருமுறை இரண்டு சிபியூக்களிடையே மாற்றி மாற்றி எழுதும் ஸ்கிரிப்ட்டை ஓடவிடுங்கள். கண்ட்ரோலர் பக்கத்து ஓட்டைகள் இதில் சீக்கிரம் வெளிவரும். டிரைவர் பக்கத்து ஓட்டைக்கு, இன்டரப்ட்டைத் திறப்பதற்குச் சற்றுமுன் 50 மைக்ரோவினாடி யூடிலே (காத்திருப்பு) ஒன்றைத் தற்காலிகமாகச் செருகுங்கள். மறுபார்வை சரியாக இருந்தால் வேகம் குறையும், ஆனால் தொங்காது. கடைசியாக டைமரைத் திரும்ப இயக்கி, ஆயிரத்தில் ஒரு இன்டரப்ட்டை ஹேண்ட்லர் வேண்டுமென்றே கைவிடும்படி ஒரு பிழைதேடும் அமைப்பை வைத்து ஓட்டுங்கள். அந்த நேரத்தில் நிலுவையில் வேறு வேலை இருந்தால் அடுத்த இன்டரப்ட்டே கைவிட்டதையும் சேர்த்து அள்ளிவிடும், டைமருக்கு வேலை வராது. எனவே ஒரு நேரத்தில் ஒரே கோரிக்கை மட்டும் நிலுவையில் இருக்கும்படி சுமையைக் குறைத்துச் சோதியுங்கள். கைவிட்ட எண்ணிக்கையும் டைமர் காப்பாற்றிய எண்ணிக்கையும் அப்போது ஒத்துப்போகவேண்டும்.